ஈரோட்டில் கோபி ரோடு, கோபியில் ஈரோடு ரோடு: அப்போ எஸ்.எச். 15 யாருக்கு?

#1 பவானிக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஞாயிறு ஈரோட்டிலிருந்து கோத்தகிரிக்கு பைக்கில் போயிட்டு வந்தேன். சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்), சிறுமுகை, மேட்டுப்பாளையம், அப்புறம் மலை. சத்தி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினா, எதிரே பச்சைத் தலை போட்ட கிலோமீட்டர் கல். பாதி மண்ணுக்குள்ள. மேல 'எஸ்.எச்.'னு மட்டும் தெரிஞ்சது, எண் மண்ணுக்குள்ள போயிருச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா அது மாநில நெடுஞ்சாலை 15. ஈரோட்டில் ஆரம்பிச்சு கோத்தகிரி வழியா ஊட்டி வரைக்கும் ஒரே எண்.

நான் பொறந்து வளர்ந்தது இந்தப் பக்கம். முப்பது வருஷமா இந்த ரோட்டில் போறேன், '15'னு ஒருத்தர் வாயில் கேட்டதில்லை. ஈரோட்டில் இது கோபி ரோடு. கோபிக்குள்ள நுழைஞ்சதும் பின்னால விட்டுட்டு வந்தது ஈரோடு ரோடு, முன்னால இருக்கறது சத்தி ரோடு. சத்தியில் அதே ரோடு கோபி ரோடு. டீக்கடைக்காரர்கிட்ட "அண்ணா, இது என்ன ரோடுங்க?"ன்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "நீங்க எங்க போகோணும்?"ன்னார்.

கேள்வி இதுதான். இந்த எண்ணை யார் வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்க? கோத்தகிரி வழியா ஊட்டிக்குப் போற யாரும் ஈரோட்டில் கிளம்பறதில்லையே, அப்புறம் ஏன் இந்த ரெண்டு ஊரையும் ஒரே நூலில் கோர்த்தாங்க?

#2 லோடு_ஆட்டோ

எண்ணெல்லாம் பிரியாணிக்கடை போர்டில் பார்க்கிறதுதான் தல. 'என்.எச். 47 தாபா'. ரோட்டுக்கு எண் மாறி வருஷக்கணக்காச்சு, கடை போர்டு மாறல.

#3 ரோலர்தாத்தா

தம்பி பவானிக்காரன், டீக்கடைக்காரர் சொன்னதுதான் சரியான பதில். விளக்கமாகச் சொல்கிறேன். நான் 1979-ல் சாலை ஆய்வாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன், நெடுஞ்சாலைத் துறைதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாநில நெடுஞ்சாலை என்று யாரும் ஒரு நாளில் கோடு கிழித்து ரோடு போடவில்லை. ரோடு ஏற்கெனவே இருந்தது. சந்தைக்குப் போன வண்டிப் பாதை, தாலுகா கச்சேரிக்குப் போன பாதை, கோயிலுக்குப் போன பாதை என்று துண்டு துண்டாக. வெள்ளைக்காரன் காலத்தில் கம்பெனியின் கவனம் ட்ரங்க் ரோடுகள், அதாவது நெடுந்தூரப் பெருஞ்சாலைகள் மேல்தான். சென்னையிலிருந்து தெற்கே போன ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு), வடக்கே ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் ட்ரங்க் ரோடு), மேற்கே பூந்தமல்லி வழியாகப் போன ட்ரங்க் ரோடு. மற்றதெல்லாம் உள்ளூர்க்காரர் பாடு. 1866-ல் சாலை வரி போட ஒரு சட்டம், 1871-ல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884-ல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் என்று வரிசையாக வந்து, கடைசியில் ரோடுகள் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு கைக்குப் போயின. ஜில்லா போர்டு தன் எல்லைவரை கப்பி போடும். எல்லைக்கு அந்தப் பக்கம் அடுத்த போர்டு என்ன செய்கிறது என்று கவலைப்படாது. இரண்டு ஜில்லா சேரும் இடத்தில் ரோடு திடீரென்று குண்டும் குழியுமாகும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். வண்டிக்காரன் தூங்கிக்கொண்டு போனாலும், குலுக்கல் மாறினால் ஜில்லா மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வானாம்.

அப்புறம் மோட்டார் வந்தது. பஸ்சும் லாரியும் ஜில்லா எல்லையோடு நிற்காது. அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 1927-ல் ஜெயகர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். ரோடு தேசத்துக்கே பொது, உள்ளூர் போர்டுகள் மட்டும் தாங்க முடியாது என்று அது சொல்லி, பெட்ரோலுக்குக் கூடுதல் வரி போட்டு 1929-ல் மத்திய சாலை நிதி வந்தது. 1934-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ், அதாவது ரோட்டுக்கான விதிகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு. 1943 டிசம்பரில் நாக்பூரில் எல்லா மாகாணத் தலைமைப் பொறியாளர்களும் கூடிப் பேசினார்கள். இன்றைக்கு நாம் சொல்லும் தேசிய, மாநில, மாவட்ட முக்கிய, மாவட்ட இதர, கிராமச் சாலை என்கிற ஐந்து படியும் அங்கே போட்டதுதான். அப்போது மாநிலம் கிடையாதே, அதனால் 'மாகாண நெடுஞ்சாலை'. 1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைக்கென்று தனித் துறை வந்தது. 1947 ஏப்ரல் 1 முதல் தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை மத்திய அரசு ஏற்றது. ஜில்லா போர்டுகள் 1958 பஞ்சாயத்துச் சட்டத்தோடு போயின.

இப்போது உங்கள் 15-க்கு வருவோம். எண் எதற்கு என்றால், பில் போடத்தான். மதிப்பீட்டில் 'கோபி ரோடு' என்று எழுதினால் எந்தக் கோபி ரோடு? கோபிக்கு நாலு பக்கமும் ரோடு வருகிறது, நாலும் வெளியூர்க்காரனுக்குக் கோபி ரோடுதான். 'எஸ்.எச். 15, கி.மீ. 42/4 முதல் 43/2 வரை' என்று எழுதினால்தான் கணக்குத் தணிக்கைக்காரன் ஒத்துக்கொள்வான். (எண்கள் உதாரணத்துக்கு.) அந்த எண் உங்களுக்காக வைத்ததே அல்ல.

#4 பவானிக்காரன்

ஐயா, அருமையா சொன்னீங்க. ஆனா ரெண்டாவது கேள்வி இன்னும் பாக்கிங்க. ஈரோடு–ஊட்டி ஏன்?

#5 குடமுருட்டி

ஈரோடு–ஊட்டிக்கு ரோலர்தாத்தா சொல்லட்டும். எங்க பக்கத்துக் கதையைக் கேளுங்க, அதுலயே பாதி விடை இருக்கு.

மாநில நெடுஞ்சாலை 22 கல்லணையில ஆரம்பிச்சு காவிரிப்பூம்பட்டினத்துல முடியுது. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. மேப்பை எடுத்து வச்சுக்கிட்டு பக்கத்துல காவிரியைப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா வளைஞ்சு வளைஞ்சு போகும். டெல்டாவுல ரோடு போட மேடு வேணும். மேடுன்னா ஆத்தங்கரைதான், மத்ததெல்லாம் நஞ்சை. அதனால ஆறு எங்க திரும்புதோ ரோடும் அங்க திரும்பியாகணும். இந்த ரோட்டுக்கு இன்ஜினியர் காவிரிதான்.

இதோட விளைவு இன்னைக்கு வரைக்கும் இருக்கு. அகலப்படுத்தணும்னா ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வாய்க்கா, அதுக்கு அந்தாண்ட வயல். எங்க போறது? சாலைக் காங்கிரஸ் விதிப்படி மாநில நெடுஞ்சாலைக்கு 45 மீட்டர் நிலம் இருக்கணுமாம். திருவையாத்துக்குப் பக்கத்துல வந்து 45 மீட்டர் எங்க இருக்குன்னு காமிங்க, நான் டிகிரி காபி வாங்கித் தரேன். எதிர்ல டவுன் பஸ் வந்தா டூவீலர்காரன் கல்வெர்ட் திண்டுல ஒட்டி நிக்கணும். கல்யாண சீசன்ல ஒரே தெருவுல மூணு மண்டபம், அப்ப பார்க்கணுமே.

கல்லணைக்கும் பூம்புகாருக்கும் நேரா யாரு போறா? யாரும் போறதில்ல. ஆனா அந்த ரெண்டு பேரையும் சேர்த்து சொன்னா 'காவிரிக் கரை முழுக்க'ன்னு அர்த்தம் ஆயிடுது. முனையில இருக்குற ஊர் பேரு சும்மா ஒரு முடிச்சுதான், சங்கதி நடுவுலதான் இருக்கு.

#6 ரோலர்தாத்தா

குடமுருட்டி சரியாகப் பிடித்துவிட்டார். ஈரோடு ரயில் சந்திப்பு, மஞ்சள் சந்தை. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. கோபியும் சத்தியும் பவானிப் பாசனத்து ஊர்கள். மேட்டுப்பாளையத்தில் மலைக் காய்கறி இறங்கும். கோத்தகிரியில் தேயிலை. பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு நடுவில்தான் சரக்கும் ஜனமும் போகும். இந்தத் துண்டுகளைக் கோர்த்து ஒரு எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கோர்த்தவர்கள் ஆபீசில் உட்கார்ந்து கோர்த்தார்கள்.

ஒரு ரோட்டைத் தரம் உயர்த்துவதற்கு முன்பு வண்டி எண்ணுவோம். ஏழு நாள், ராப்பகலாக. புளியமரத்தடியில் பெஞ்சு போட்டுக்கொண்டு, நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணுவது. கார் ஒன்று என்றால் ஒன்று. லாரி, பஸ் மூன்று. சைக்கிள் அரை. மாட்டு வண்டி எட்டு! ஆமாம், ஒரு மாட்டு வண்டி எட்டு காருக்குச் சமம், அது ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற வேகம் அப்படி. கரும்பு வெட்டுக் காலத்தில் எண்ணினால் எந்தக் கிராமத்து ரோடும் அண்ணா சாலை மாதிரிக் கணக்கு காட்டும். இதை நான் ஒப்புக்கொள்வதால் இனி யாருக்கும் நஷ்டமில்லை.

#7 கூந்தன்குளம்

அண்ணாச்சி, எட்டு காரா! எங்க தாத்தாகிட்ட ரெண்டு வண்டி இருந்துச்சு, அப்ப பதினாறு கார் வச்சிருந்த பரம்பரைன்னு இனிமே சொல்லிக்கிடலாம்.

நெல்லைப் பக்கத்துக் கதையும் கேளுங்க. எஸ்.எச். 39 திருநெல்வேலி–செங்கோட்டை, எஸ்.எச். 40 திருச்செந்தூர்–பாளையங்கோட்டை–அம்பாசமுத்திரம்–தென்காசி–செங்கோட்டை. ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் போவுது. ஒண்ணு ஆலங்குளம், பாவூர்சத்திரம்னு வறண்ட காடு வழியா, இன்னொண்ணு தாமிரபரணி ஓரமா வயக்காட்டு வழியா. ஆரியங்காவுக் கணவாய்க்குப் போற ரெண்டு கையி மாதிரி. குத்தாலம் சீசன்ல எங்க அப்பா கார்ல ஏறுனதும் கேக்குற மொதக் கேள்வி, "ஆலங்குளம் வழியா, அம்பை வழியா?" எண்ணெல்லாம் அவருக்குத் தெரியவே தெரியாது.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் ஊர்ப் பேருதான். பாவூர்சத்திரம். ஒட்டன்சத்திரம். ரோட்டுல போறவன் தங்குன இடம் ஊராகிப் போச்சு. தூத்துக்குடி, நெல்லை மாவட்டத்துல இன்னும் பல இடத்துல வண்டித் தடத்துக்கு 'மங்கம்மா சாலை'ன்னுதான் பேரு. மதுரையில ராணி மங்கம்மா ஆண்டது 1700-ஐ ஒட்டி. சாலை, ஓரத்துல மரம், கெணறு, சத்திரம்னு போட்டவ. மதுரை ஜங்ஷன் எதுத்தாப்ல மங்கம்மா சத்திரம் இன்னும் நிக்குதுல்லா. முந்நூறு வருசம் கழிச்சும் ஜனங்க வாயில இருக்கு. நாப்பதாம் நம்பருன்னு எவன் சொல்லுதான்?

#8 மலைக்கோட்டை_வாசி

ஊர்ப் பேர்னா எங்க திருச்சியை விட்டுட்டீங்களே! நம்பர் 1 டோல்கேட். கொள்ளிடம் பாலம் தாண்டினா வர்ற ஊர். பஸ்ஸில் "டோல்கேட் எறங்கு"ன்னு கண்டக்டர் கத்துவார். புதுசா வர்றவங்க பாஸ்டேக்கில் காசு போயிடுமோன்னு பயப்படுவாங்க. அது ஜில்லா போர்டு காலத்துக் கேட்டுங்க. மாட்டு வண்டிக்கு இவ்வளவு, குதிரை வண்டிக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணின காலம். 1931-ல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து சுங்கத்தை எடுத்துட்டாங்க. கேட்டு போச்சு, பேர் நின்னுடுச்சு. சென்னையிலும் திருவொற்றியூர் பக்கம் ஒரு டோல்கேட் இருக்கு.

எடுத்த சுங்கம் 70 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தது பாருங்க, அதுதான் கூத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2002-ல் சுங்கம் வசூலிக்க ஆரம்பிச்சாங்க. அதுவும் மாநில நெடுஞ்சாலைதான், எண் 49.

#9 பைபாஸ்_ரைடர்

@மலைக்கோட்டை_வாசி ஈசிஆர் தேசிய நெடுஞ்சாலை ப்ரோ. மாமல்லபுரம் தாண்டினா கல்லெல்லாம் மஞ்சள்.

#10 மலைக்கோட்டை_வாசி

@பைபாஸ்_ரைடர் இப்போ தேசியம், நான் சொன்னது அப்போ. மாமல்லபுரம்–புதுச்சேரி பிறகுதான் 332ஏ ஆச்சு. தெற்கே நாகப்பட்டினம்–தூத்துக்குடிப் பகுதியை என்.எச். 32 விழுங்கிடுச்சு. சென்னைக்குள்ள திருவான்மியூரிலிருந்து போற துண்டு இன்னும் 49 தான். சென்னையிலிருந்து கடற்கரையோரமா குமரி வரைக்கும்னு கனவு கண்ட ஒரே ரோடு, இப்போ மூணு எண்.

#11 பைபாஸ்_ரைடர்

சரி, ஒத்துக்கிறேன். ஆனா எண்ணே வேண்டாம்னு எல்லாரும் பேசறதை ஒத்துக்க மாட்டேன். நான் சிவில் படிச்சவன், மேப் சம்பந்தமான வேலை. ராத்திரி ஒரு மணிக்கு விபத்துன்னு 108-க்கு போன் பண்றவங்க "கோபி ரோட்டில்"னு சொன்னா ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் போகும்? எண்ணும் கிலோமீட்டர் கல்லும் தெரிஞ்சா ஒரே வரியில் இடம் சொல்லிடலாம். ரோலர்தாத்தா பில்லுக்குத்தான் எண்ணுங்கறார். அதே எண் உயிரையும் காப்பாத்தும் இல்லையா?

நம்ம ஆட்கள் எண்ணைச் சொல்லாததுக்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்ல, எண்ணை மாத்திக்கிட்டே இருக்கறதும்தான். 2010-ல் தேசிய நெடுஞ்சாலை முழுக்க மாத்தினாங்க. வடக்கு–தெற்குன்னா இரட்டைப்படை, கிழக்கு–மேற்குன்னா ஒற்றைப்படை. யோசனை நல்லதுதான். ஆனா காசி–குமரி 7 போய், அதில் பெரும்பகுதி 44-க்குள்ள கலந்துச்சு. சேலம்–கொச்சி 47 போய் 544. சென்னை–திண்டிவனம்–திருச்சி–திண்டுக்கல்–தேனின்னு ஒரே கோடா இருந்த 45 பாவம், துண்டு துண்டா ஆயிடுச்சு: திண்டிவனம் வரைக்கும் 32, அங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் 132, அங்கிருந்து திருச்சி 38, திருச்சி–திண்டுக்கல் 83. பழைய எண்ணை ஜனங்க உண்மையாவே சொல்லிட்டிருந்தாங்க. '45-ல் டிராஃபிக்'னு சொன்னா எல்லாருக்கும் புரியும். அந்தப் பழக்கத்தை நாமளே வெட்டிட்டோம்.

#12 லோடு_ஆட்டோ

அதான் தல தாபா போர்டு மாறல. 544 தாபான்னு வெச்சா வீட்டு நம்பர் மாதிரி இருக்கும்.

#13 கருப்புக்கோட்டு

பில்லுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அடுத்து, எண் எதற்கெல்லாம் ஆகும் என்பதற்கு என் பங்குக்கு ஒன்று. தமிழ்நாடே ஒருநாள் ராத்திரியோடு ராத்திரியாக எஸ்.எச். எண்களை மனப்பாடம் செய்த காலம் ஒன்று உண்டு. 2017 ஏப்ரல்.

2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. தமிழ்நாட்டிலிருந்து போன மேல்முறையீடும் அந்த வழக்கில் ஒன்று. அதற்குப் பிறகு 20,000 பேருக்குக் கீழ் உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் என்று குறைத்தார்கள். தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. அதுவரை 'பஸ் ஸ்டாண்டு ரோடு' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த ரோடு அரசாங்கப் பதிவேட்டில் மாநில நெடுஞ்சாலை என்று அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்ததை நானே பார்த்தேன். நேர்கோட்டில் அளப்பதா, நடந்து போகிற வழியில் அளப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை.

உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடையை நகர்த்துவது கஷ்டம், ரோட்டின் வகையை மாற்றுவது சுலபம். பல மாநிலங்கள் நகருக்குள் போகும் நெடுஞ்சாலைத் துண்டுகளை வகை நீக்கம் செய்து உள்ளூர்ச் சாலையாக்கின. இங்கேயும் மாநில நெடுஞ்சாலைத் துண்டுகளை உள்ளாட்சிகளுக்கு மாற்ற முயற்சி நடந்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கிய பிறகு சூடு தணிந்தது.

அதே தார், அதே குழி, அதே புளியமரம். காகிதத்தில் ஒரு வார்த்தை மாறினால் அது நெடுஞ்சாலை இல்லை. ஆனால் பின்விளைவு நிஜம். உள்ளாட்சிக்கு மாற்றினால் பராமரிப்புச் செலவும் உள்ளாட்சி தலையில். நகராட்சியிடம் ரோலர் இருக்கிறதா? ரோலர்தாத்தா சொன்ன ஜில்லா போர்டு நிலைமைக்கே திரும்பிப் போவதுதான் அது.

#14 நிர்வாகி

மதுவிலக்கு விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே ரோடு மட்டும்.

#15 மோயாறு

இழை ஆரம்பிச்சது சத்தி ரோட்டில்ங்கறதால அந்தப் பக்கத்து ஆளா ஒரு சேதி சொல்றனுங்க.

இன்னைக்கு சத்தியிலிருந்து மைசூருக்குப் போகோணும்னா பண்ணாரி, திம்பம், 27 கொண்டை ஊசி வளைவு. 2022-லிருந்து ராத்திரியில் வண்டி விடறதில்லை. ஆனா ஐதர், திப்பு காலத்தில் படை இறங்கினது திம்பம் வழி இல்லைங்க, மேக்கால இருக்கிற கஜலட்டிக் கணவாய். மோயாறு பள்ளத்தாக்கு வழியா. அந்த வழிக்குக் காவலா தணாயக்கன் கோட்டை இருந்தது. இப்போ அது எங்க இருக்குன்னு கேக்கறீங்களா? பவானிசாகர் அணைக்குள்ள. 1948-ல் ஆரம்பிச்சு 1955-ல் அணை முடிஞ்சதும் தண்ணிக்குள்ள போயிருச்சு. கோடையில் தண்ணி நல்லா வத்தினா கோயில் தலை தெரியும், ஜனங்க பார்க்கப் போவாங்க.

ஒரு காலத்துப் பெருவழி செத்துப் போறதுக்கு ரோடு கெடணும்னு இல்லைங்க. பக்கத்தில் இன்னொரு மலை வழி வந்தாப் போதும், கீழ ஒரு அணை வந்தாப் போதும். ஊட்டி ரோடும் அப்படித்தான். 1820-கள்ல கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிகிட்ட திம்பட்டிக்கு மலையில் பாதை வெட்டினார். ஊட்டிக்கு முதல் வழி அதுதான். 1830-கள்ல குன்னூர் மலைப்பாதை வந்ததும் கூட்டம் அங்க திரும்பிருச்சு. கோத்தகிரி வழி ரெண்டாம் மனைவி மாதிரி ஆயிருச்சு. மே மாச சீசனில் மட்டும் போலீசுக்கு ஞாபகம் வரும்: ஏறும்போது குன்னூர், இறங்கும்போது கோத்தகிரி.

அதனால பவானிக்காரன் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஈரோடு–ஊட்டிங்கறது ஒண்ணும் விசித்திரமில்லை. முதல் ஊட்டி ரோட்டோட மிச்சம் அந்த 15-க்குள்ள இருக்குதுங்க.

#16 பவானிக்காரன்

இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நன்றி மோயாறு அண்ணா.

ஐயா, இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன். அந்தப் பச்சைக் கல்லுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, புளியமரத்து வேரோட ஒட்டி சின்னதா இன்னொரு கல் இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. கருங்கல். ஏதோ ஒரு எழுத்து வெட்டியிருந்த மாதிரி இருந்தது, சுண்ணாம்பும் பாசியும் அப்பிக் கிடந்ததால படிக்க முடியலை.

#17 ரோலர்தாத்தா

தம்பி, அதுதான் நான் இந்த இழையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விஷயம்.

கிலோமீட்டர் கல் வரிசை உங்களுக்குத் தெரியும். தேசியத்துக்கு மஞ்சள் தலை, மாநிலத்துக்குப் பச்சை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பெரிய கல், நடுவில் கிலோமீட்டருக்கு ஒரு சாதாரணக் கல். அதற்கும் நடுவில் 200 மீட்டருக்கு ஒரு குட்டிக் கல் உண்டு. அதில் 2, 4, 6, 8 என்று எண் இருக்கும். நான் மேலே '42/4' என்று எழுதினேனே, அந்த 4 இதுதான்.

மைல் காலத்தில் குட்டிக் கல் ஃபர்லாங்குக்கு ஒன்று. மைலுக்கு எட்டு ஃபர்லாங். ஒரு ஃபர்லாங் 201 மீட்டர் சில்லறை. கிட்டத்தட்ட 200 மீட்டரேதான்! அதனால் தூரத்தை வைத்துப் பழைய கல்லா புதுக் கல்லா என்று சொல்ல முடியாது. 1960-களில் கிலோமீட்டருக்கு மாற்றியபோது பல இடத்தில் பழைய கல்லைப் பிடுங்கவில்லை, ஆள் கூலி யார் கொடுப்பது? புதுக் கல்லைப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஃபர்லாங் கல்லில் 1 முதல் 7 வரை எல்லா எண்ணும் வரும். 200 மீட்டர் கல்லில் ஒற்றைப்படை வரவே வராது. தேங்காய் நாரும் தண்ணீரும் கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள்.

கல் ஏன் புதைகிறது என்று நினைக்கிறீர்கள்? கல் இறங்கவில்லை, ரோடு ஏறுகிறது. தார் தேய்ந்தால் அதன் மேலேயே இன்னொரு தட்டு. இருபது வருஷத்தில் நாலு தட்டு. ரோடு உயர, ஓரத்து மண் கட்டும் உயரும், கல் கழுத்தளவு போய்விடும். ரோட்டோரத்து வீடுகளுக்கும் இதே கதிதான், படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போக வேண்டும். 2021-ல் பழைய தட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் உத்தரவு வந்தபோது நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். என் வீட்டு வாசலில் அதற்குள் மழைத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது.

புளியமரம் என்றீர்களே, அதில் எண் எழுதியிருந்ததா? சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்து மரத்துக்கு எண் போடுவோம். வருஷா வருஷம் புளி மகசூல் ஏலம் துறைக்கு வருமானம். நான் பார்த்த பிரிவில் ஏலம் எடுப்பவர்கள் மூன்று பேர், மூவரும் பங்காளிகள், ஒருவருக்கு ஒருவர் ஏற்றிக் கேட்கவே மாட்டார்கள். ரோடு அகலமாகிறபோது அந்த எண்ணை வைத்துத்தான் வெட்டுகிற பட்டியலும் தயாராகும். சித்தோடு–கோபி நான்கு வழியானபோது போன மரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அகலம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்றாலும்.

#18 பைபாஸ்_ரைடர்

தாத்தா, ஒற்றைப்படை விஷயம் செம. இதைச் சொல்லித்தர எந்தப் பாடப் புத்தகமும் இல்லை.

#19 குடமுருட்டி

கல்லுல எழுத்துன்னதும் தருமபுரி ஞாபகம் வருது. அங்க கிடைச்ச 'அதியமான் பெருவழி' கல்லைப் பார்த்திருக்கீங்களா? 'நாவற்றாவளத்துக்குக் காதம் 29'ன்னு எழுதி, கீழ ரெண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரிசு பத்து, சின்னது ஒண்ணு. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரன் விரலை வச்சுத் தடவியே தூரம் தெரிஞ்சுக்கலாம், இருட்டுலகூட. எண்ணூறு வருஷத்துக்கு முந்தி. அதுலயும் பாருங்க, போற ஊர் பேருதான் இருக்கு.

#20 கூந்தன்குளம்

அதுல அதியமான் பேரும் இருக்குல்லா. ரோடு போட்டவன் பேரும் வேணும், போற ஊரும் வேணும். பச்சைக் கல்லுல ரெண்டாவது மட்டும் மிஞ்சியிருக்கு.

#21 பவானிக்காரன்

நேத்து மறுபடி போனேனுங்க. தேங்காய் நார், ஒரு பாட்டில் தண்ணி, வீட்டில் கிடந்த பழைய ஸ்க்ரூடிரைவர். டீக்கடைக்காரர் முதல்ல நான் ஏதோ சிலை தேடறேன்னு நெனச்சுட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு குடம் தண்ணி கொண்டாந்து ஊத்தினார். "எங்கப்பன் காலத்திலிருந்து இதுமேல உக்கார்ந்துதான் பஸ்ஸுக்கு நிப்பாங்க, இது கல்லுன்னே தோணினதில்ல"ன்னார்.

சுண்ணாம்பு நாலஞ்சு பூச்சு இருக்கும். ஒவ்வொரு பூச்சும் அப்பளம் மாதிரி பேர்ந்து வந்தது. உள்ள கருங்கல் இன்னும் பளிச்சுன்னு இருக்குதுங்க.

ஐயா, எண் 5.

மரத்தில் 214-ன்னு வெள்ளைப் பெயின்ட். சிவப்புப் பட்டை பழசாயிருச்சு. பக்கத்தில் புதுசா மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருக்காங்க, அது எதுக்குன்னு டீக்கடைக்காரருக்கும் தெரியலை. உங்களுக்குத் தெரியுங்களா?

#22 ரோலர்தாத்தா

தெரியும் தம்பி. அடுத்த முறை போகும்போது ரோட்டின் மையத்திலிருந்து அந்த மரம் எத்தனை மீட்டர் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அப்புறம் சொல்கிறேன். அந்த ஃபர்லாங் கல்லையும் நன்றாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.